பனி தங்காத இடம்

அந்த அறையில் ஓர் இடத்தில் மட்டும் பனி தங்கவில்லை.

மெக்கானிக் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீராவிக் குளியல் முடித்துச் சூட்டோடு வந்து உட்காருவதற்கென்றே வீட்டுக்காரர் கட்டிய பனி அறை அது. கூரையிலிருந்து இயந்திரம் பொடிப் பனியைத் தூவிக்கொண்டே இருக்கும். காசு இருந்தால் வெயிலுக்கும் ஓர் அறை கட்டுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். தரை, சுவர், பெஞ்சு எல்லாம் வெள்ளையாக மூடிக் கிடக்க, பெஞ்சின் உள்மூலையில் மட்டும், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, மரம் ஈரமாகத் தெரிந்தது. அதுதான் புகார்.

"அடியில சுடுதண்ணி பைப் போகும் மாமா, வேற என்ன," என்றான் வாசலில் நின்ற மச்சினன். "சீக்கிரம் முடிங்க. அக்கா காலையிலேருந்து இடுப்பு வலிக்குதுன்னு சொல்லிட்டிருக்கு."

அவருக்குத் தெரியாதா? நிறைமாதம், வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். உள்பக்கம் தாழ் போட்டுக்கொள், என் குரல் கேட்டால் மட்டும் திற என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். வேலையில் மனம் ஒட்டவே இல்லை.

குளிர் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருவரும் கதவு வழியே ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே பேச்சு நின்றால் உடனே கதவைத் திறந்துவிட வேண்டும். மச்சினனோ வாய் திறந்தால் ஊர்க்கதை எல்லாம் இழுப்பவன். அன்று அதைக் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை.

"வாய மூடிட்டு நில்லுடா. நான் கூப்பிட்டா மட்டும் திற."

கதவு ரப்பர் ஒட்டும் மெல்லிய சத்தத்தோடு சாத்திக்கொண்டது.

இயந்திரத்தின் முனகலும், பனி விழுகிற சத்தமா தன் காதுக்குள் ஓடும் ரத்தமா என்று பிரிக்க முடியாத ஒரு சரசரப்பும், பல் வலிக்காக வாயில் அடக்கியிருந்த கிராம்பின் காரமும் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. பெஞ்சுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பைப் எதுவும் போகவில்லை. கையுறையைக் கழற்றி ஈர மரத்தில் கை வைத்தார். பஸ்ஸில் இப்போதுதான் யாரோ எழுந்துபோன சீட்டைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூலையைப் பனி மூடியது.

தரையில் இரண்டு இடங்கள் கரைந்தன. பாதம் அளவுக்கு. பிறகு அவற்றுக்கு முன்னால் இன்னொன்று. அவரை நோக்கி.

பயந்துபோனார். கூப்பிட வாய் திறந்தார். குரல் வரவில்லை.

பிடரியில் மூச்சு பட்டது. சூடாக. கிராம்பு வாசனை.

நாக்கால் துழாவினார். வாயில் கிராம்பு இல்லை.

விலகப் போய்ப் பெஞ்சின் அந்த மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுதுடா. திற."

அவருடைய குரல். கதவருகிலிருந்து.

கதவு திறந்தது. அவருடைய நீலச் சட்டை வெளியே போனது. மச்சினன் அதன் தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டான். உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன மாமா, உடம்பு இப்படிக் கொதிக்குது? காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல. வா, வீட்டுக்குப் போலாம். உங்கக்கா காத்துட்டிருப்பா."

ரப்பர் ஒட்டிக்கொண்டது. கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியே, மச்சினன் டூல் பாக்ஸைத் தூக்குவது தெரிந்தது. கத்தினார். பனி விழும் சத்தம் மட்டுமே கேட்டது.

மடியில் விரிந்து கிடந்த உள்ளங்கையில் பனி விழுந்தது. கரையவில்லை. விரலிடுக்குகள் நிரம்பின. திறந்திருந்த கண்களின் மேலும் விழுந்தது. அதுவும் கரையவில்லை.

வீட்டில் அவள் கதவுப் பக்கமாகத்தான் உட்கார்ந்திருப்பாள். குரல் கேட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, தாழை நீக்குவாள்.