பச்சை நூல் சுருட்டு

"அக்கா, எங்கப்பா செய்யாத குத்தத்த ஒத்துக்கிட்டாக. கையெழுத்தும் போட்டுட்டாக. இப்ப நான் என்ன செய்ய?"

படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே மாரிச்செல்வி இதைச் சொல்லிவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது இந்துவின் அலுவலகம். தீ விபத்து நடந்த இடத்துக்குப் போய், நெருப்பு எங்கே பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கும் சர்வேயர் அவள். இருபது வருஷமாகச் சாம்பலைக் கிளறித்தான் பிழைப்பு. அவளுக்கு வண்டி ஓட்டவும், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை விலக்கவும் ரிட்டயர்டு ஏட்டு ரத்தினம். அறுபத்தொரு வயது. யாராவது ஒரு குற்றத்தைச் சொல்லத் தொடங்கினால், பாதியிலேயே குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடுவார். அதில் பாதிக்குமேல் தப்பாகத்தான் போகும். அது அவருக்கே தெரியும், வாய்தான் நிற்காது.

"ஒத்துக்கிட்டாருன்னா முடிஞ்சதும்மா. வக்கீலைப் போய்ப் பாரு" என்றார் ரத்தினம்.

இந்து அவர் பக்கம் திரும்பவே இல்லை. "உட்காரு செல்வி. தண்ணி குடி. முதல்ல இருந்து சொல்லு."

நேற்று மத்தியானம் செண்பகத்தோப்பு அடிவாரத்தில், காட்டு எல்லையில் தீப்பிடித்திருக்கிறது. சித்திரை வெயிலில் காய்ந்த புல், மலையிலிருந்து இறங்கிய காற்று. அணைக்க முதலில் ஓடியவர் வனத்துறைக் காவலர் ஜோயல். புகையில் கண் தெரியாமல் ஓடைக்குள் விழுந்து, இடுப்புக்குக் கீழே வெந்துபோனார். அவரைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தது மாரிச்செல்வியின் அப்பா சிவனாண்டி. இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, அங்கே மாந்தோப்பு வைத்திருப்பவர். ஜோயல் இப்போது மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். இரண்டு நாள் தாண்டினால்தான் நிச்சயம் என்றார்களாம்.

"எரிஞ்ச எடத்துல ஒரு சுருட்டுத் துண்டு கெடந்துச்சாம் அக்கா. பச்சை நூல் கட்டுன சுருட்டு. வ. புதுப்பட்டியில ஒரே ஒரு கடையிலதான் கெடைக்கும். எங்க பக்கம் அப்பா மட்டுந்தான் அதக் குடிக்கிறது. மொதல்ல, 'நான் இல்லவே இல்ல'ன்னு அப்படி ஒரு சத்தம் போட்டாக. வனத்துறை ரேஞ்சர் அந்தத் துண்ட எடுத்துக் காட்டுனாரு. செத்த நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னாக. பொறவு, 'ஆமா, நான்தான் போட்டேன்'னுட்டாக."

"பார்க்கிறதுக்கு முன்னால இல்லைன்னார். பார்த்ததுக்கு அப்புறம் ஆமான்னார். அப்படித்தானே?"

"ஆமாக்கா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட்கிட்ட கூட்டிட்டுப் போறாக. ஜோயல் அண்ணனுக்கு ஒண்ணு ஆயிட்டா கேஸே வேறயாம். அறுபத்திரெண்டு வயசு, சுகர் வேற. ஜெயிலுக்குப் போனா அவிய திரும்பி வரமாட்டாக." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மணி பதினொன்றே கால். இந்து கார்ச் சாவியை எடுத்து ரத்தினத்திடம் நீட்டினாள்.

அடிவாரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. தரை முழுக்கக் கரி. காலை வைத்தால் இன்னும் சூடு ஏறியது. சுருட்டுத் துண்டு கிடந்த இடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். இந்து அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கரிக்குள் கையை விட்டு எதையோ நெம்பி எடுத்தாள். தண்ணீர் பாட்டில் மூடி ஒன்று, உருகிக் கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டய்யா, இங்கேயிருந்து ஜோயல் விழுந்து கிடந்த ஓடைக்கு எத்தனை எட்டுன்னு நடந்து பாருங்க."

ரத்தினம் எண்ணிக்கொண்டே போய் வந்தார். "இருபத்திரெண்டு எட்டு, மேடம்."

அந்த நேரத்தில் அடிவாரத்தில் இருந்தவர்கள், சிவனாண்டியையும் ஜோயலையும் விட்டால், மூன்றே பேர். மேற்கே தோப்பு வைத்திருக்கும் வைகுண்டராஜ். எல்லைத் தகராறில் சிவனாண்டியோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. மாங்காய்க் குத்தகைக்காரன் சதீஷ். இந்த வருஷம் சிவனாண்டி தோப்பைத் தரவில்லை என்று முறுக்கிக்கொண்டு திரிகிறவன். கிழக்குத் தோப்புக்காரர் பாண்டிச்செல்வம். சிவனாண்டியின் சொந்த அண்ணன்.

"வைகுண்டராஜ்தான் மேடம். எழுதி வச்சுக்கோங்க" என்றார் ரத்தினம்.

வைகுண்டராஜ் ஒன்றையும் மறைக்கவில்லை. "ரெண்டு வருசத்துக்கு முந்தி தெனமும் அவரு பம்புசெட்டுலதான் உக்காந்து ஒண்ணாப் பொகைப்போம். இப்ப மூஞ்சியிலயே முழிக்கிறதில்ல. ஆனா தீ வைக்கிற ஆளு நான் இல்ல" என்றார். சதீஷும் போன வருஷம்வரை அதே பம்புசெட்டில் உட்கார்ந்து சிவனாண்டியிடம் சுருட்டு வாங்கிக் குடித்தவன். பம்புசெட்டுக்குப் பூட்டு கிடையாது. சுவிட்ச் போர்டுக்குக் கீழே பச்சை நூல் சுருட்டுக் கட்டு ஒன்று பிரித்தபடியே இருந்தது. யார் வேண்டுமானாலும் ஒன்றை உருவியிருக்கலாம்.

பாண்டிச்செல்வம் வெள்ளை வேட்டி கசங்காமல் வந்து நின்றார். எழுபதை நெருங்கும் வயது. அவருடைய மகன் எஸ்.ஐ. வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

"தப்புப் பண்ணிட்டான். என்ன செய்ய?" என்றார். "ஆனா மரியாதை தெரிஞ்ச பய மேடம். இன்ன வரைக்கும் என் முன்னால ஒரு சுருட்டுப் பத்த வச்சதில்ல. என் தலை தெரிஞ்சாலே அணைச்சிட்டு எந்திரிச்சு நிப்பான். இந்தக் காலத்துல எந்தத் தம்பி இருக்கான் அப்படி?"

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. ரத்தினத்துக்கே நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

திரும்பும் வழியில் ரத்தினம் மதுரைக்குப் போன் போட்டார். ஜோயலின் மனைவி ஜெபா எடுத்தாள். "காலையில கொஞ்சம் பேசுனாரு ஏட்டய்யா. ஓடைக்குள்ள கெடக்கையில ஒரு காலடிச் சத்தம் கிட்ட வந்து நின்னுச்சாம். இவரு தண்ணி தண்ணின்னு கத்தியிருக்காரு. அது அப்படியே திரும்பிப் போயிருச்சாம். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் சிவனாண்டி அண்ணாச்சி வந்து தூக்குனாகளாம்."

வனத்துறை அலுவலகத்துக்கு வந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ரேஞ்சர் குருசாமி நல்ல மனுஷர். "நான் என்னம்மா செய்ய? அவரா ஒத்துக்கிட்டாரு" என்று பிளாஸ்டிக் உறையில் இருந்த சுருட்டுத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டு அங்குல நீளம். ஒரு முனை கருகியிருந்தது. நூல் கட்டிய முனையில் பல் பதிந்து, இலை நசுங்கியிருந்தது. நூல் பளிச்சென்ற பச்சை.

சிவனாண்டி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மாரிச்செல்வி. எல்லோருக்கும் டீ வந்தது. அப்போதுதான் இறக்கிய டீ. ரத்தினத்தால் கிளாஸைத் தொடவே முடியவில்லை. தோள் துண்டைச் சுற்றிப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். சிவனாண்டி ஊதவில்லை. மூன்று மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார். புகை குடித்த நெஞ்சு. வாயைத் திறந்து இருமினார். மேல் அண்ணம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. இந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டாளத்துல எங்கே இருந்தீங்க?"

"பனிமலையில. பார்டர்ல."

"நைட் செண்ட்ரி, ராத்திரிக் காவல் உண்டா?"

"செண்ட்ரி இல்லாமயா?" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "எதுக்கு மேடம் இதெல்லாம்? நான்தான் ஒத்துக்கிட்டேன்ல. விட்டுருங்க."

மாரிச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். இந்து ரத்தினத்தை வெளியே கூட்டிப்போய், வ. புதுப்பட்டிக்கு விரட்டினாள். அதே கடையில் மூன்று சுருட்டு வாங்க வேண்டும். வரும்போது அந்த மூன்று பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

"மேடம், யாருன்னாவது சொல்லுங்களேன்."

"நாலரைக்குள்ள வந்து சேருங்க. வண்டி அஞ்சு மணிக்குக் கிளம்பிரும்."

ரத்தினம் அன்று ஓட்டிய ஓட்டத்தை அவருடைய பழைய இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தால் சஸ்பெண்ட் செய்திருப்பார். நாலு முப்பத்தைந்துக்கு மூன்று பேரும் ரேஞ்சர் அறையில் இருந்தார்கள். பாண்டிச்செல்வத்துக்கு ரேஞ்சர் நாற்காலி போட்டார். அண்ணன் உட்கார்ந்ததும் சிவனாண்டி சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டு நின்றார். வாசலில் ஜீப் தயாராக இருந்தது.

இந்து சுருட்டுகளை மேஜைமேல் வைத்தாள். "ஒரே ஒரு காரியம். சிவனாண்டி அண்ணாச்சி எப்படிச் சுருட்டுக் குடிப்பார்னு ஒவ்வொருத்தரா செஞ்சு காட்டணும். பத்த வைக்க வேண்டாம். வயசுல மூத்தவர் நீங்க, முதல்ல காட்டுங்க."

"நான்தான் பாத்ததே இல்லங்கேனே" என்றார் பாண்டிச்செல்வம்.

"சும்மா, தோணுறதைக் காட்டுங்க."

"எல்லாரும் குடிக்கிற மாதிரிதான் குடிப்பான்." அவர் நூல் கட்டிய முனையை உதட்டில் வைத்து, மறுமுனையில் நெருப்பு வைப்பதுபோல் கையைக் குவித்தார்.

சதீஷ் தன்னையறியாமல் சிரித்துவிட்டான்.

"என்னலே சிரிப்பு?" என்று முறைத்தார் பாண்டிச்செல்வம்.

"இல்ல மாமா..." அவன் வாயைப் பொத்திக்கொண்டான். வைகுண்டராஜ் ஒரு சுருட்டை எடுத்தார். மொட்டை முனையில் நெருப்பு வைக்கிற பாவனை செய்தார். பிறகு அப்படியே திருப்பி, நெருப்பு முனையை வாய்க்குள் விட்டு, நூல் கட்டிய முனை வெளியே நீட்டியிருக்க உதட்டை மூடினார்.

"தீய உள்ள வச்சுத்தான் குடிப்பாரு. செண்ட்ரியில நிக்கையில தீப்பொறி தெரிஞ்சா எதிரி சுட்டுருவானாம். அங்க பழகுனது. எனக்குச் சொல்லிக் குடுக்கப் பாத்து, என் நாக்கு வெந்து போச்சு." பழைய சினேகம் ஞாபகம் வந்ததோ என்னவோ, சிவனாண்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சதீஷும் அப்படியே செய்து காட்டினான். ரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த டீ! அந்த வெளுத்த அண்ணம்! வெந்து வெந்து மரத்துப்போன வாய்க்கு டீயின் சூடு எங்கே தெரியப்போகிறது?

"மேடம், போதும்" என்றார் சிவனாண்டி. குரல் கெஞ்சியது.

இந்து நிறுத்தவில்லை. "ரேஞ்சர் சார், அந்தத் துண்டுல நூல் கட்டின முனையில பல் பதிஞ்சிருக்கு. இவர் வாய்க்குள்ள அந்த முனை போகவே போகாது. அது மட்டும் இல்லை. சுத்தி எல்லாம் கரி. பக்கத்துல கிடந்த பிளாஸ்டிக் மூடி உருகிக் கல்லோட ஒட்டியிருக்கு. இந்த நூல் மட்டும் நிறம்கூட மாறலை. அப்படின்னா தீ எரிஞ்சு முடிஞ்ச அப்புறம் யாரோ கொண்டுவந்து போட்டிருக்காங்க. இவர் எந்தச் சுருட்டுக் குடிப்பார்னு அந்த ஆளுக்குத் தெரியும். எப்படிக் குடிப்பார்னு மட்டும் தெரியாது."

ரேஞ்சர் உறையை எடுத்து, அந்த நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கூட்டாளிக்குத் தெரியும். பகையாளிக்கும் தெரியும். மரியாதைக்காக இவர் யார் முன்னால குடிக்கவே மாட்டாரோ, அவருக்கு மட்டும்தான் தெரியாது. துண்டைப் பார்த்ததுமே இவருக்கு அது விளங்கிருச்சு. அதனாலதான் வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டார்."

எல்லோருடைய கண்ணும் நாற்காலிப் பக்கம் திரும்பியது. பாண்டிச்செல்வத்தின் முகம் கறுத்துவிட்டது.

"வேலியோரத்துப் புல்லத்தான் கொளுத்துனேன்" என்றார் மெதுவாக. "காத்து மாறும்னு நான் கண்டனா? மகனுக்கு இந்த மாசம் போலீஸ் வெரிஃபிகேஷன். அப்பன் மேல கேஸ் இருந்தா வேலை போயிரும்லா?"

"அய்யோ அண்ணாச்சி!" ரத்தினத்தால் தாங்க முடியவில்லை. "அந்த வெரிஃபிகேஷன் ரிப்போர்ட்ட நான் எத்தன பேருக்கு எழுதியிருக்கேன்! பையன் மேல கேஸ் இருக்கான்னுதான் பாப்பாங்க. அப்பன் செஞ்சதுக்குப் பிள்ளைக்கு எப்படி வேலை போகும்? ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

பாண்டிச்செல்வம் கையிலிருந்த சுருட்டை மேஜைமேல் வைத்தார்.

"விடுங்க மேடம்" என்று சிவனாண்டி முன்னால் வந்தார். "தெரியாம நடந்துபோச்சு. எம்மக கல்யாணம் முடிஞ்சு குடியும் குடித்தனமுமா இருக்கா. அண்ணன் இந்த வயசுல ஜெயிலுக்குப் போக வேண்டாம். நானே போறேன்."

"அப்பா!" என்று கத்தினாள் மாரிச்செல்வி.

இந்து சிவனாண்டியை நேராகப் பார்த்தாள். "அந்தத் துண்டு கிடந்த இடத்துக்கும் ஜோயல் கிடந்த ஓடைக்கும் இருபத்திரெண்டு எட்டு. துண்டைப் போட ஆள் வந்தப்ப ஜோயலுக்கு நினைவு இருந்துச்சு. காலடிச் சத்தம் கேட்டு, தண்ணி தண்ணின்னு கத்தியிருக்கார். வந்த கால் கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்கு."

சிவனாண்டி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கேட்டுச்சாண்ணே?"

பாண்டிச்செல்வம் வேட்டி மடிப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அவன் கூப்பிட்டது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"நின்னா என்னையப் பாத்திருவாம்லே" என்றார் பாண்டிச்செல்வம், தரையைப் பார்த்துக்கொண்டு.

சிவனாண்டி ஒரு நாற்காலியை இழுத்து, அண்ணனுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தார். மேஜைமேல் கிடந்த சுருட்டில் ஒன்றை எடுத்தார். ரத்தினத்திடம் கை நீட்டினார். ரத்தினம் தீப்பெட்டியைக் கொடுத்தார். சிவனாண்டி அண்ணனுடைய முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சுருட்டைப் பற்றவைத்து, நெருப்பை வாய்க்குள் வைத்து, நிதானமாகப் புகையை விட்டார்.

தம்பியின் புகை முகத்தில் படப்பட, பாண்டிச்செல்வம் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரேஞ்சரிடம் போனார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.