ஙொய்ங் என்று அழுத வண்டி

அந்தக் காலத்தில் மே மாதம் பிறந்தாலே ஹெர்லிந்தாவின் தெருவில் சுத்தியல் சத்தம் கேட்கும். வீடு வீடாக ஜன்னலுக்குப் பலகை அடிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை பாக்கி இருக்கும். அதற்காக மிச்சிகனில் ஸ்ட்ராபெரி பழுக்காமல் இருக்குமா? டெக்சாஸின் தென்கோடியிலிருந்து பழம் பறிக்கக் குடும்பம் குடும்பமாக வண்டியேறுவார்கள். ஸ்ட்ராபெரி, பிறகு செர்ரி, கடைசியில் வெள்ளரி. எல்லாம் பறித்து முடித்து, குளிர் தொடங்கும்போதுதான் வீட்டுப் பலகையைக் கழற்றுவார்கள்.

ஹெர்லிந்தாவுக்கு அப்போது பதினொரு வயது. அப்பா ஃபிதென்சியோவின் நீளமான பழைய காரில், பின்பக்கம் மெத்தை விரித்து அவளும் தம்பி லாலோவும் படுத்துக்கொள்வார்கள். கால்மாட்டில் சட்டி பானை, அரிசி, பீன்ஸ் மூட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில் அம்மாவின் தையல் மிஷின். கனத்த இரும்பு.

புறப்பட்ட அன்று ஊர் ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கார் வடக்கே போகப் போகப் பாட்டு தேய்ந்தது. கரகரத்தது. பிறகு கேட்கவே இல்லை.

மறுநாள் ஆர்கன்சா மலைச்சாலையில்தான் அந்தச் சத்தம் தொடங்கியது.

"ஙொய்ய்ங்ங்..."

"லாலோ, சும்மா இருடா!" என்றார் அப்பா.

"நான் இல்லப்பா! நான் ரொட்டி தின்னுட்டு இருக்கேன்."

அப்பா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சத்தம் ஏறியது. காலை எடுத்தார். இறங்கியது. அவர் முகம் இறுகியது.

"ஹெர்லிந்தா, எங்கேருந்து வருது பாரு."

"பின்னாலதான்ப்பா. எங்களுக்குக் கீழே."

"போச்சு. பின் அச்சுதான்."

சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி அணைத்தார். அடியில் படுத்து அச்சைத் தடவிப் பார்த்தார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து வந்து, மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்பாரோ, பாரம் தாங்கல. இதை இறக்கிடலாம்."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "இறக்கிட்டு?"

"இங்கேயே விட்டுட்டுப் போக வேண்டியதுதான். நடுவழியில அச்சு உடைஞ்சா என்ன பண்ணுவே? நாம போய்ச் சேரலைன்னா தோட்டத்து முதலாளி நம்ம குடிசையை வேற ஆளுக்குக் குடுத்துடுவான்."

"யோவ் கிழவா, அதுக்கு உன்னை இறக்கி விட்டுட்டுப் போகலாம். நீதான் அதைவிடக் கனம்."

அப்பாவுக்கு முப்பத்தைந்து வயதுதான். கொஞ்சினாலும் திட்டினாலும் அம்மாவுக்கு அவர் கிழவர்தான். ஆனால் அன்று அவர் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை.

தோட்டத்து முகாமில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மாவின் குடிசை வாசலில்தான் கூட்டம். கிழிந்த கால்சட்டை, அறுந்த பழப்பை, குழந்தைக்கு ஞானஸ்நான உடுப்பு. வாரம் முழுக்க எல்லோரையும் போல அம்மாவும் ஏணியில் நின்று பழம் பறிப்பாள். அந்த ஒரு நாள்தான் அவளைத் தேடி ஆட்கள் வருவார்கள். அது ஹெர்லிந்தாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் மிஷினைத் தூக்கிப் பங்கின் சுவரோரம் வைத்தபோது அவர் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏறுங்க எல்லாரும்" என்று வண்டியைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே எஞ்சினை உறும விட்டார்.

"ஙொய்ய்ங்ங்!"

ஹெர்லிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா! வண்டி நிக்குதுப்பா!"

"நிக்காம? நான் இன்னும் கியரே போடலையே."

"அப்ப சக்கரம் சுத்தலை. அச்சும் சுத்தலை. பின்ன எது கத்துது?"

அப்பா மறுபடி ஒருமுறை மிதித்தார்.

"ஙொய்ய்ங்ங்!"

ஹெர்லிந்தா மெத்தை மேல் குப்புறப் படுத்துக் காதை வைத்தாள். மூலைக்கு நகர நகரச் சத்தம் கூடியது. போர்வை மூட்டையை இழுத்துத் தள்ளினாள். பிள்ளைகளும் பாட்டுக் கேட்கட்டும் என்று போன வருடம் அப்பா மாட்டிய ஸ்பீக்கர் அங்கே இருந்தது.

"இதுதான்ப்பா அழுவுது! ரேடியோவை நிறுத்துங்க!"

"ரேடியோவா? அது நேத்தே நின்னுடுச்சே."

முன்சீட்டிலிருந்து அம்மா மெல்லக் கையை நீட்டி ரேடியோவின் குமிழைத் திருப்பினாள். டக். சத்தம் நின்றது.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"என்ன பார்க்கறீங்க?" அம்மாவின் காது சிவந்தது. "அணைக்க மனசு வரலை. ஒருவேளை நம்ம ஊர்ப் பாட்டு மறுபடி வந்துச்சுன்னா?"

முதலில் லாலோ சிரித்தான். பிறகு அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். "ஒரு நாள் முழுக்க ஒண்ணுமே இல்லாததைக் கேட்டுட்டு வந்திருக்கே!"

"நீ மட்டும் என்ன? ரேடியோ அழுததுக்கு அச்சைத் தடவிப் பார்த்தியே!"

அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு, தலையை ரேடியோவுக்குக் கீழே நுழைத்தார். கார் உடம்போடு சேர வேண்டிய ஒரு ஒயர், மலைச்சாலை குலுக்கலில் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதனால்தான் எஞ்சினின் முனகல் ரேடியோவுக்குள் புகுந்திருக்கிறது. கத்தி முனையால் அதன் திருகாணியை முடுக்கினார். எஞ்சினைக் கிளப்பினார். அம்மா ரேடியோவைப் போட்டாள். லேசான கரகரப்பு மட்டும்தான். அழுகை போயே போய்விட்டது.

அப்பா இறங்கிப் போனார். மிஷினைத் தனியாகவே தூக்கி வந்தார். ஹெர்லிந்தா மெத்தையை ஒதுக்கி இடம் விட்டாள். அதை வைத்துவிட்டு, மேலே ஒட்டியிருந்த தூசியைத் தன் சட்டையாலேயே துடைத்தார்.

வண்டி நகர்ந்ததும் அம்மாவின் கை ரேடியோவை அணைக்கப் போனது.

"இருக்கட்டும்மா" என்றாள் ஹெர்லிந்தா. "இப்பதான் சத்தம் போடலையே."

"ஒண்ணுமே வரலையேக்கா!" என்றான் லாலோ.

"வந்தா வரட்டும். நீ பேசாமத் தூங்கு."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். ஹெர்லிந்தா தையல் மிஷினின் மேல் காலைத் தூக்கிப் போட்டு, அது நகராதபடி பிடித்துக்கொண்டு, மிச்சிகன் வரைக்கும் அப்படியே வந்தாள்.