ராவ் பகதூர் விற்கவந்த பேஜாரு வண்டி

எண்ணூர்ச் சாலையில் காலை ஆறு மணிக்கு மீன்காரி கன்னியம்மா செத்துக் கிடந்தாள். மீன் கூடை ஒரு பக்கம், வவ்வால் மீன்கள் ஒரு பக்கம். கொஞ்ச தூரம் தள்ளி, உப்புக் கிடங்கின் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது ராவ் பகதூர் சபாநாயகத்தின் பந்தயக் கார். ஓட்டியவன் ஓடிவிட்டான்.

1954இல் அந்தக் காரைத் தெரியாதவர் வடசென்னையில் கிடையாது. ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போனது. துரையுடையதென்று அதில் மிஞ்சியது முகப்பும் சக்கரங்களும்தான். உள்ளே இருந்தது யுத்தத்தில் கழித்துக்கட்டிய ராணுவ லாரியின் எஞ்சின். கிளம்பினால் தொட்டில் குழந்தை முதல் துறைமுகக் கிரேன் வரை அதிரும். ராயபுரத்தார் வைத்த பெயர் ‘பேஜாரு வண்டி’. ராவ் பகதூர் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம் வேறு மாதிரி: “சோழவரம் திடலில் சொந்தக்காரரே ஓட்டிக் கோப்பைகள் வென்ற ஒப்பற்ற வாகனம் விற்பனைக்கு. கௌரவமானவர்கள் மட்டும் அணுகவும்.”

பட்டம் கொடுத்த வெள்ளைக்காரன் கப்பலேறி வருஷங்கள் ஆகிவிட்டன. பட்டம் மட்டும் வாசல் பலகையில் ஒவ்வொரு பொங்கலுக்கும் வர்ணம் பூசிக்கொண்டது.

சப் இன்ஸ்பெக்டர் குமாரவேல், செத்தவளின் மகள் முத்தம்மாவை விசாரித்தார். அவளும் கூடையோடு தாயின் பின்னால் நடந்து வந்தவள்.

“யாரும்மா ஓட்டினது?”

“மூஞ்சி தெர்ல சார். தோல் தொப்பி, பெரிய கண்ணாடி. பந்தயத்துல ராவ் பகதூரு போட்டுக்கினு வருவாரே, அதே.”

“வேகமா வந்தானா?”

“மெதுவாத்தான் வந்துகினு இருந்தான். ஆத்தா நடு ரோட்ல கூடையை எறக்கி சும்மாட்டைச் சரி பண்ணிகினு இருந்துச்சி. ஹாரன் அட்ச்சான். ‘ஏய், ஏய்’னு கத்துனான். அப்பால இன்னா நெனச்சானோ, ஒரே பாய்ச்சலா பாஞ்சிட்டான். மீன் கூடைக்கும் மோட்டாருக்கும் இன்னா சார் பகை?”

குமாரவேல் சாலையைக் குனிந்து பார்த்தார். பிரேக் போட்டுத் தேய்த்த தடம் எங்கும் இல்லை. பின் சக்கரங்கள் மணலைப் பின்பக்கம் வாரி இறைத்திருந்தன. காரின் முன் கண்ணாடி உள்ளிருந்து மோதியதுபோல் சிலந்திவலையாக விரிந்திருந்தது. வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு ராயபுரம் போனார்.

ராவ் பகதூர் கூடத்தில் கோப்பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி வழக்கத்தைவிட அகலம். புருவம் வரை வந்து இறங்கியிருந்தது.

“விடியலிலிருந்து பூஜையில் இருந்தேன்” என்றார். “இது மெக்கானிக் தாவூதின் வேலை. வண்டியை விற்றுவிட்டால் அவனுக்குப் பிழைப்பு ஏது? அந்த ஆத்திரம். என் தொப்பியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.”

“யார் வாங்கறாங்க?”

“சினிமாக் கம்பெனி ரகுபதி. பத்து மணிக்கு வருகிறார். நானே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணூர் வரை ஓட்டிக் காட்டினால்தான் வாங்குவாராம்.” பெருமூச்சு விட்டார். “என்ன செய்வது, ரசிகர்.”

“ஓட்டிக் காட்டுவீங்கதானே?”

“நான் ஓட்டாத வண்டியா? எங்கள் வீட்டு ஆஸ்டினையும் நான்தான் ஓட்டுகிறேன்.”

தாவூது வண்ணாரப்பேட்டையில், தன் வீட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். ராத்திரி முழுக்க வீட்டில்தான் என்றான். மனைவி மலிகாவும் அதையே சொன்னாள்.

“பொஞ்சாதி சாட்சி செல்லாதுய்யா” என்றார் கான்ஸ்டபிள் கோதண்டம்.

“அப்ப நான் தாசில்தார் பக்கத்துலயா படுத்துக்கறது?” என்றான் தாவூது.

குமாரவேல் குறுக்கிட்டார். “வண்டியைச் செஞ்சது யாரு?”

“நான் பெத்த புள்ள சார் அது.”

“சோழவரத்துல ஓட்டினது?”

தாவூது சிரித்தான். “பேப்பர்ல ராவ் பகதூர் நைனா பேருதானே போட்டுகீது?”

காவலோடு அவனையே காரை ஸ்டேஷனுக்கு ஓட்டிவரச் சொன்னார்கள். நசுங்கிய மூக்கோடு வந்தாலும், வேப்பமரத்தடியில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நிறுத்தினான். அவனை லாக்கப்பில் தள்ளிப் பூட்டினார்கள். கொலை வழக்கு, தூக்குவரை போகும். மலிகா வெளியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வெயில் நகர்ந்தது. காரை நிழலுக்கு நகர்த்தப் போனார் கோதண்டம். போலீஸ் ஜீப்பைப் பல வருஷம் ஓட்டியவர். கிளட்சை விட்டதும் கார் தானாகவே மெல்ல ஊர்ந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் திடீரென்று துள்ளிப் பாய்ந்து தண்ணீர்ப் பானையை உடைத்து, கொடிக்கம்பத்தை முட்டி, அணைந்தது.

“நிறுத்துன்னா ஏன்யா பறக்கறே?”

“பிரேக்கைத்தான் சார் மெதிச்சேன்! வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கு!”

ஸ்டேஷனே சிரித்தது. லாக்கப்பிலிருந்து தாவூதும் சிரித்தான். “கண்டவனுக்கு அடங்காது சார் அது!”

குமாரவேலும் சிரித்துவிட்டு உள்ளே போனார். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்தார். சட்டை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் காருக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து பார்த்தார். எழுந்தபோது சிரிப்பு போயிருந்தது.

சாயங்காலம் ராவ் பகதூரை வரவழைத்தார். ரகுபதி அழைக்காமலே வந்திருந்தார். இடிபட்டதால் விலை இறங்குமா என்று கேட்கத்தான். சுவருக்கு வெளியே குப்பத்து ஜனங்கள் நின்றார்கள்.

“எல்லாக் காரிலும் நடுவில் பிரேக், வலதுகோடியில் ஆக்ஸிலேட்டர்” என்று தொடங்கினார் குமாரவேல். “லாரி எஞ்சினைத் திணித்தபோது இடம் போதாமல் தாவூது இரண்டையும் மாற்றிவிட்டான். இதில் நடுவில் இருப்பது ஆக்ஸிலேட்டர். பழகாதவன் மெல்ல ஓட்டும்வரை நினைவில் வைத்திருப்பான். பதறினால் கால் பழைய இடத்துக்குப் போகும். எங்கள் கோதண்டம் பானையை உடைத்ததும் அப்படித்தான். காலையில் ஓட்டியவனும் ஹாரன் அடித்தான், கத்தினான், நிறுத்தப் பார்த்தான், நடுவில் மிதித்தான். வண்டியைப் பெற்றவன் அப்படி மிதிப்பானா?”

“யாராவது திருடன்…” என்றார் ராவ் பகதூர்.

“திருடனுக்குத் தொப்பி எதற்கு? பத்து மணிக்குள் இந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டே தீரவேண்டிய ஆள் ஒருவர்தான். முன் கண்ணாடியில் மோதிய நெற்றி தாவூதுடையது அல்ல. அவன் நெற்றி ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. உங்கள் விபூதியை நான் அழிக்கச் சொல்ல மாட்டேன். டாக்டர் அழிப்பார்.”

ராவ் பகதூரின் கை தானாக நெற்றிக்குப் போனது.

“உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது” என்றார் குமாரவேல். “இந்த வண்டியை நீங்கள் ஓட்டியதே இல்லை, கோப்பைகள் தாவூது வாங்கியவை என்று சொல்லுங்கள். அப்போது இது அஜாக்கிரதை. சில மாதம். இல்லை, வண்டி உங்களுக்கு அத்துப்படி என்றால், தெரிந்தே நடுவில் மிதித்திருக்கிறீர்கள். அதற்குப் பெயர் கொலை. எது?”

ராவ் பகதூர் ரகுபதியைப் பார்த்தார். சுவருக்கு மேல் வரிசையாகத் தெரிந்த தலைகளைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும்” என்றார்.

“எழுதிக்கோ, கோதண்டம்.”

வழக்கில் பெரிய வக்கீல் பாவம், ரொம்பப் பாடுபட்டார். ‘என் கட்சிக்காரருக்கு இந்தக் காரை ஓட்டத் தெரியாது’ என்று அவர் வாதாடும்போதெல்லாம் கட்சிக்காரர் கூண்டிலிருந்து மறுத்தார். ‘புகழ்பெற்ற பந்தய வீரருக்குச் சிறை’ என்று கொட்டை எழுத்தில் போட்டது பத்திரிகை. கீழே பொடி எழுத்தில் ‘ஒரு மீன்காரி’ என்றிருந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலமே லாக்கப் திறந்தது. தாவூது வெளியே வந்ததும் ரகுபதி அவனை வேப்பமரத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

“வண்டியை நான் வாங்கிடறேன். அடுத்த பந்தயத்துல ஓட்டுவியா? தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கணும். கப்பு வாங்க நான் மேடை ஏறுவேன்.”

தாவூது மலிகாவைப் பார்த்தான். காரைப் பார்த்தான்.

“கண்ணாடி மட்டும் புச்சா வாங்கிக் குடு நைனா. பழசுல கீறல் வுழுந்துகீது.”

தாயின் கூடையை வாங்கிப்போக வந்த முத்தம்மா அங்கேதான் நின்றிருந்தாள். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். காலிக் கூடையை அதன்மேல் ஏற்றினாள்.

“தாவூது பாய்” என்றாள். “இந்த ஆளுக்காச்சும் பிரேக்கு எங்க கீதுன்னு சொல்லிக் குடுத்துடு.”