முழங்கைக்கு அடியில்

குளுவாங் நகரில் அந்த டயாலிசிஸ் மையம் ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. லாயாங் லாயாங்கிலிருந்து காரில் வந்த வழியெல்லாம் மழை. சாந்தினி கடை வரிசையின் முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில் நின்று குடையை மடக்கிவிட்டு, கணவனின் அக்கா செல்லத்தை உள்ளே நடத்திக்கொண்டு போனாள். கதவைத் திறந்ததும் அதே வாசனை. குளோரினும் பிளாஸ்டிக்கும் ஆறிப்போன காப்பியும்.

முன்பு கணவன் சுகுமாறனையும் இங்கேதான் கூட்டி வருவாள்.

ஊசி ஏற்றுமுன் எடை பார்ப்பார்கள். கூடியிருக்கும் எடைதான் உடம்பில் தேங்கிய தண்ணீர்; அவ்வளவையும் மெஷின் எடுத்துவிடும். அதிகம் எடுக்கும் நாளில் கால் இழுத்துக்கொண்டு சுகுமாறன் பல்லைக் கடித்து அழுவான். அதைப் பார்க்க முடியாமல், அவன் எடைத் தட்டில் ஏறும்போது தாங்கிப் பிடிப்பவள் போல அவன் முழங்கைக்கு அடியில் விரல்களை வைத்து மெல்லத் தூக்குவாள். எண் குறையும். அவன் கண்களால் நன்றி சொல்வான்.

எடுக்காமல் விட்ட தண்ணீர் ஒரு விடியற்காலையில் அவன் நெஞ்சில் ஏறியது. உலர்ந்த அறையில், உலர்ந்த கட்டிலில், அவன் மூழ்கிப் போனான்.

தட்டில் அவனைத் தூக்கிப் பிடித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று செல்லத்தின் பாதங்கள் செருப்புக்குள் அடங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று உட்கார்ந்தே தூங்கியிருந்தாள். ஆனால் தட்டில் ஏறியபோது எண் கொஞ்சம்தான் கூடியிருந்தது.

"பரவால்லையே ஆன்ட்டி, அரைக் கிலோதான் ஏறியிருக்கு," என்றாள் நர்ஸ் மிஸி ஃபரீஹா. "தண்ணியே குடிக்கலையா?"

"ஐஸ் சீவிப் போட்ட ஐஸ் கச்சாங்கே சாப்பிட்டேன்லா. கனவுல." செல்லம் மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"கையை எடு சாந்தினி. நானே நிப்பேன்."

சாந்தினி கதவருகில் நின்றிருந்தாள்.

ஒரு கையில் குடை, மறு கையில் பை.

செல்லத்தின் இடது முழங்கை, எதன் மீதோ சாய்ந்தது போல உடம்பைவிட்டு விலகி உயர்ந்திருந்தது. அந்தப் பக்கமிருந்து மெல்ல ஒரு தைல வாசனை வந்தது. கால் இழுக்கும்போதெல்லாம் சுகுமாறனுக்கு அவள் தேய்த்துவிட்ட தைலம்.

ஃபரீஹா பாதங்களைப் பார்த்து முகம் சுளித்தாள். தானே தட்டில் ஏறிப் பார்த்தாள், சரியாகத்தான் காட்டியது. செல்லத்தை மறுபடி ஏற்றினாள். அதே எண். கணக்குக்கு மேல் எடுத்தால் பிரஷர் இறங்கிவிடும், டாக்டர் வரும்வரை இந்த அரைக் கிலோவைத்தான் எடுக்க முடியும் என்றாள்.

அந்த எண் பொய் என்று சொன்னால் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். செல்லம் கேட்டுக்கொண்டிருப்பாள். தம்பியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவள் என்று இவளைப் பற்றிக் கோயிலில் எல்லாரிடமும் சொல்லும் செல்லம்.



சாந்தினி தட்டருகே போய், உயர்ந்திருந்த அந்த முழங்கைப் பக்கம் குனிந்தாள்.

"விடுங்க," என்று கிசுகிசுத்தாள். "நான் உங்களுக்குச் செஞ்சது தப்புங்க. அக்காவாவது இருக்கட்டும். விடுங்க."

எண் அசைந்தது.

ஒரு கிலோ ஏறியது. இரண்டு. மூன்றரையில் நின்றது.

ஃபரீஹா எடைத் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "யார்கிட்ட பேசுறே?" என்றாள் செல்லம். சாந்தினி குடையைப் பைக்குள் திணித்தாள். செத்தவரிடம் சொல்ல முடிந்தது, உயிரோடிருப்பவளிடம் முடியவில்லை.

மெஷின் அத்தனை தண்ணீரையும் எடுத்தது. அன்று இரவு செல்லம் பல நாளைக்குப் பின் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். பாதங்களில் நரம்பு தெரிந்தது. போர்வையை இழுத்துவிடும்போதுதான் சாந்தினி பார்த்தாள்: இடது முழங்கைக்கு அடியில், பக்கத்தில் பக்கத்தில் விரல் பதிந்த இரண்டு குழிகள். அவள் விரல்களைவிட அகலமானவை.

வீங்கிய சதையில்தான் அப்படிக் குழி விழும். விரலை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடும்.

அந்தக் கையில் இப்போது வீக்கமே இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழிகள் மெல்ல ஆழமாயின.