தொட்டிக்குள் பச்சை மேகம்

ராஜபாளையத்தில் ஹஃபீஸாவின் அத்தா நிக்கல் முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தார். துருப்பிடித்த சைக்கிள் ஹேண்டில்பார்கூட அங்கே வந்தால் முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பாகிவிடும்.

ஆனால் முலாம் பூசிய சாமான்களைக் கழுவிய தண்ணீர் பச்சையாகிவிடும். அதில் நிக்கல் கரைந்திருக்கிறதே! அப்படியே விட்டால் கண்மாய் மீன்களுக்கு ஆகாது. அதனால் தொட்டியில் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்குவார்கள். கரைந்த நிக்கல் தூள்தூளாகத் திரண்டு அடியில் படியும். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும்.

அன்று என்னவோ, தெளியவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"சுண்ணாம்பு சரியாப் போட்டியா சீனிச்சாமி?" என்று கேட்டார் அத்தா.

"காலையிலயே சரியாப் போட்டாச்சு முதலாளி."

"பொறவு ஏன் கலங்கலாவே கெடக்கு? சாயங்காலத்துக்குள்ள தெளியலைன்னா நாளைக்கு வேற ஆளத்தான் பாக்கணும்!"

சிடுசிடுவென்று வண்டியை எடுத்துக்கொண்டு அவர் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

சீனி மாமாவின் முகம் வாடிப்போனது. பாவம், நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதுவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தவர். காலையிலிருந்து தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்த துடுப்பை இப்போது இன்னும் வேகமாகச் சுழற்றினார்.

ஹஃபீஸாவுக்கு மனசே கேட்கவில்லை. நேற்று அவளுக்கென்று பால்கோவா கொண்டுவந்த மாமா ஆயிற்றே!

அலமாரியில் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. காலையில் சுண்ணாம்பு கலந்ததும் தொட்டியிலிருந்து அத்தா பிடித்துவைத்த தண்ணீர். அதில் மட்டும் பச்சை மேகம் அடியில் படுத்திருந்தது. மேலே பளிங்குத் தண்ணீர்.

"ஒரே தண்ணி, ஒரே சுண்ணாம்பு. இது மட்டும் எப்படி?" என்று முணுமுணுத்தாள். பாட்டிலை யாரும் காலையிலிருந்து தொடவே இல்லை. அட!

"மாமா, செத்த நேரம் நிறுத்துங்களேன்!"

"ஐயையோ! கிண்டுறத விட்டா அடிப்பிடிச்சிரும் பாப்பா!"

"அடுப்பே இல்லியே மாமா!"

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். பாட்டிலைக் காட்டியதும் வாங்கிக் குலுக்கப் போனார்.

"ஆட்டாதீங்க!" என்று அலறினாள் ஹஃபீஸா.

இருவரும் தொட்டியோரம் உட்கார்ந்தார்கள். மாமாவின் கை துறுதுறுத்தது. "கைய மடியில வச்சுக்கிட்டு, செண்பகத்தோப்புக் காட்டு அணில் கதை சொல்லுங்க" என்றாள்.

மாமா மெல்லச் சொன்னார். கதையில் பெரிய சாம்பல் அணில் கிளைவிட்டுக் கிளை தாவியது. தொட்டியில் குட்டிக் குட்டிப் பச்சை மேகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கனத்து, மெதுவாக இறங்கின. அணிலுக்குத் தூக்கம் வந்தது. மேகங்களுக்கும் வந்தது. தெளிந்த தண்ணீரில் கூரையும், கூரையில் உட்கார்ந்த சிட்டுக்குருவியும் தெரிந்தன. ஹஃபீஸாவுக்கும் கண் சொக்கியது.

"ஏலே சீனி! என்னடா பண்ணுன?"

அத்தா வந்துவிட்டார்! மாமா பதறி எழுந்தார். "ஒண்ணுமே பண்ணல முதலாளி!"

"நெசமாத்தான் அத்தா. கலக்காம சும்மா உக்காந்திருந்தோம். அதான் தெளிஞ்சிருச்சு" என்றாள் ஹஃபீஸா.

அத்தா தொட்டியை எட்டிப் பார்த்தார். மூலையில் சாய்த்துவைத்த துடுப்பைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"கலக்கச் சொன்னேன், எப்ப நிறுத்தணும்னு சொல்லாமப் போயிட்டேனே! சீனி, நாளைக்கும் வந்துரு. சுண்ணாம்பக் கலக்கிட்டு, இதே மாதிரி ஒண்ணும் பண்ணாம இரு."

"அப்ப நாளைக்கும் கதை உண்டு!" என்று துள்ளினாள் ஹஃபீஸா.