ஊக்கு குத்திய செருப்பு

"பொணம் எங்கயும் ஓடிடாது தாயி. மழை விடட்டும், நாளைக்கு வந்து தேடறோம்!"

மலையடிவாரத்தில் தேடுதல் ஆட்களின் மேஸ்திரி இப்படிச் சொன்னதுதான் தாமதம், மரகதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைப் பொணம்ன்றீங்க? எங்க அண்ணன் உசுரோட இருக்கான். நீங்க வராட்டி போங்க, நாங்க ஏறுறோம்!"

நாங்கள் என்றால் பெரிய படையொன்றும் இல்லை, மூன்றே பேர்தான். மரகதம், அவளுடைய மாமா மகன் தேவராஜன், அண்ணனோடு கல்லூரியில் படிக்கும் பிலோமினா. கையில் ஒரு கிணற்றுக் கயிறும் ஒரு டார்ச்சும். எதிரே கார்த்திகை மழையில் ஊறிக் கறுத்துக் கிடந்தது இருளிமலைக் கோட்டை.

அண்ணன் திருநாவு முந்தாநாள் இந்தக் கோட்டைக்கு வந்தவன், வீடு திரும்பவில்லை. அவனுக்கு இது ஒரு பைத்தியம். நாட்டின் கதையை உட்கார்ந்து படிக்கக் கூடாது, காலால் படிக்க வேண்டும் என்பான். கையில் நாலு காசு சேர்ந்தால் போதும், கோட்டை, துறைமுகம், பழைய கல்லறை என்று எங்கேயாவது பஸ் ஏறிவிடுவான். அவனோடு போகிறவர்களுக்கு இரண்டே சட்டம். பழைய கல் எதுவானாலும் அதன் முன்னால் செருப்பைக் கழற்ற வேண்டும். அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்!

"எப்பவும் நானும் கூடப் போவேன். இந்தத் தடவை பாழாப்போன ஜுரம் வந்து படுத்துட்டேன்," என்றாள் பிலோமினா. ஏறும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

பாதை முழுக்கச் சேறு. பாதி மலையில் தேவா ஒதுங்கப் போவதாகச் சொல்லிப் பின்தங்கினான். சந்தையில் பேரம் பேசி வாங்கிய அவனது ஷூ அதற்குள் வாயைப் பிளந்துவிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓடிவந்து சேர்ந்துகொண்டான். யாரும் அவன் காலைப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலா இருந்தார்கள்!

உச்சியில் ராணி மண்டபம். அதையொட்டிச் செங்குத்தான பாறை. அங்கிருந்துதான் திருநாவு விழுந்திருப்பான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. மூவரும் வயிற்றைத் தரையோடு தேய்த்து விளிம்புவரை ஊர்ந்து எட்டிப் பார்த்தார்கள். கீழே மூட்டம்தான் தெரிந்தது. "அண்ணா!" என்று மரகதம் கத்தக் கத்தத் தொண்டை கட்டிப்போனது. மத்தியானமும் கழிந்தது. வீட்டில் அம்மா வாசலைப் பார்த்தபடியே இருப்பாள் என்ற நினைப்பு வர, அவளுக்கு அழுகை முட்டியது.

"போதும், இறங்கிடலாம் மரகதம்," என்று தேவா எழுந்து மண்டபத்துக் கல்தரையில் நடந்தான்.

டிக்... டிக்... டிக்.

மரகதம் விறைத்து நின்றாள். இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். திருநாவு கிளம்பிய அன்று காலை அவனது ரப்பர் செருப்பின் வார் பிய்ந்துபோனது. புதுசு வாங்கடா என்றதற்கு, "பஸ்ஸுக்குத்தான் காசு இருக்கு" என்று இளித்தான். இடது செருப்பின் அடியில் அவள்தான் ஊக்கைக் குத்திக் கொடுத்தாள். சிமெண்டுத் தரையில் டிக், டிக் என்று அவன் நடந்துபோன சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது.

"தேவா! காலைத் தூக்கு!"

நீல வார் செருப்பு. அடியில் ஊக்கு.

"இது ஏதுடா உனக்கு?"

தேவாவின் முகம் வெளிறியது. "ஒதுங்கப் போனேன்ல... ஒரு கல்லு முன்னால கெடந்துச்சு. ஆடு மேய்க்கிறவங்க யாராச்சும் விட்டுட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன். சும்மா எடுக்கல மரகதம், பதிலுக்கு என் ஷூவை வச்சிட்டுத்தான் வந்தேன்!"

"பாவி! எங்க அண்ணன் செருப்பைக் கழட்டினா அங்க ஒரு பழைய கல்லு இருக்குன்னு அர்த்தம். செருப்பு அங்கேயே கெடந்தா அவன் இன்னும் வெளிய வரலைன்னு அர்த்தம்டா!"

வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து மூவரும் இறங்கினார்கள். மூட்டம் பாதையையே மூடியிருந்தது. எல்லாப் பாறைகளும் ஒன்றுபோல் இருந்தன. "இங்கதான்... இல்ல, இன்னும் கீழ..." என்று தேவா திணறினான். கடைசியில் பிலோமினாவின் டார்ச்சில் தென்பட்டது வாய் பிளந்த ஷூ ஜோடி. ஒரு நடுகல்லின் முன்னால் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

நடுகல்லின் பின்னால் முட்புதர். புதருக்குள் பாறையில் வெட்டிய ஒரு வாசல். உள்ளே தரையில் பலகைக்கல் உடைந்து, குழி ஒன்று கறுப்பாகத் திறந்து கிடந்தது.

"அண்ணா!"

பதில் இல்லை. பிறகு அடியிலிருந்து ஓர் இருமல்.

மரகதம் ஒரு நொடி தாமதிக்கவில்லை. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் திருநாவு சுவரில் சாய்ந்து கிடந்தான். வலது பாதம் கல்லுக்கு அடியில். உதடு நீலம் பாரித்திருந்தது. தங்கையைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

"செருப்பைப் பாத்து வந்தியா? எனக்குத் தெரியும். செருப்பை வெளிய விட்டிருக்கேன், யார் கண்ணுலயாச்சும் படும்னு அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

மேலே கயிற்றைப் பிடித்திருந்த தேவாவுக்கு அது கேட்டது. அவன் வாய்விட்டு அழுதான்.

"இங்க பாரு மரகதம், புதையல்," என்றான் திருநாவு. சுவரோரம் வரிசையாகத் தாழிகள் நின்றன. உடைந்த ஒன்றில் கரியாய்ப்போன நெல். "விதை நெல்லா இருக்கும். அந்தக் காலத்துல எதிரிங்க கோட்டையைச் சுத்தி வளைச்சப்போ பட்டினி கெடந்தவங்ககூட இதைத் தொடவே இல்ல போல. ஒரு மணிகூட எடுக்காதே."

பிலோமினா அடிவாரத்துக்கு ஓட, ஊர் ஆட்கள் கடப்பாரையோடு ஏறிவந்தார்கள். காலையில் கடுப்பேற்றிய அந்த மேஸ்திரிதான் முதல் ஆளாகக் குழிக்குள் குதித்தார். இருட்டுவதற்குள் திருநாவு வெளியே வந்துவிட்டான். ஊரே விசில் அடித்தது. சேதி கேட்டு ஓடிவந்த அம்மா மகனைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

ஆனால் பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. "மத்தியானத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்," என்றார் டாக்டர். தேவா அதைக் கேட்டான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றானே தவிர, அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

ஒருநாள் திருநாவுதான் கூப்பிட்டான். "உள்ள வாடா. மரகதம் எல்லாத்தையும் சொல்லிட்டா."

தேவா தலைகுனிந்து வந்து நின்றான். திருநாவு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனுக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

"ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றான் சுவரைப் பார்த்தபடியே.

"செருப்பும் அதுல சேத்தின்னு எனக்குத் தெரியலடா," என்று தேவா விம்மினான்.

கோடை வந்ததும் நால்வரும் மறுபடி இருளிமலைக்குப் போனார்கள். செங்குத்தான இடங்களில் தேவா திருநாவை முதுகில் சுமந்தான். மற்ற இடங்களில் திருநாவு ஊன்றுகோலோடு தானே நடந்தான். டிக், டொக், டிக், டொக் என்று ஊக்கும் கட்டையும் மாறி மாறிப் பாறையில் கேட்டன. மரகதம் பின்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

நடுகல்லின் முன்னால் திருநாவு நின்றான். ஒற்றைச் செருப்பைக் கழற்றினான்.

"தேவா, இதைப் பாத்துக்கடா," என்று சொல்லிவிட்டு, தங்கையின் தோளைப் பிடித்தபடி உள்ளே போனான். பிலோமினா டார்ச்சோடு பின்தொடர்ந்தாள்.

தேவா தன் செருப்பையும் கழற்றிவிட்டு, அந்த ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் தலையைப் பிளந்தது. அவர்கள் வெளியே வரும்வரை அவன் அங்கிருந்து நகரவே இல்லை.