துரை தொடாத ஈரல்

துரை தட்டை மோந்து பார்த்தது. பிறகு ஒரு முன்னங்காலை நீட்டித் தட்டைச் சுற்றியிருந்த தரையைப் பிறாண்டத் தொடங்கியது. மண் இல்லாத வழுவழுப்பான டைல்ஸ் தரை அது. கழித்ததை மூடுவதற்கு எப்படிப் பிறாண்டுமோ அப்படியே, நிதானமாக, தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பிறாண்டியது.

"என்னடா துரை, அவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்று அவள் கேட்டாள். பூனை அவளை ஒருமுறை பார்த்துவிட்டு பிரிட்ஜ் மேல் தாவி ஏறிக்கொண்டது.

துரை என்பது அவள் வைத்த பெயர். பரிமாறியவர் பக்கத்திலேயே நின்றால்தான் வாய் வைக்கும். அந்த மிடுக்குக்கு வேறு எந்தப் பெயரும் பொருந்தவில்லை. மற்றபடி சாப்பாட்டு விஷயத்தில் அடம் பிடித்ததே கிடையாது. இப்போது தடவிக்கொடுத்தால் விலா எலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டது. குழந்தை இல்லாத அந்த வீட்டில் அவள் வாய்விட்டுக் கொஞ்சுகிற ஒரே உயிர் அதுதான். அது போய்விடுமோ என்று பயந்து, அதைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கோளாறு எதுவும் இல்லை என்றார்.

"பட்டினி கிடந்தா பூனைக்கு ஈரல்தான் முதல்ல கெடும்மா. நாய் மாதிரி தாங்காது. ஆட்டு ஈரலை வேகவெச்சு வெதுவெதுப்பா குடுங்க, மணம் ஏறினாத்தான் பசி எடுக்கும். அப்பவும் சாப்பிடலைன்னா மசிச்சு ஊசி இல்லாத சிரிஞ்சுல கடவாய்ப் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. வீட்டுக்குப் புதுசா யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரும் இல்லையே. எங்க வீட்டுக்காரர்தான் வேலை முடிஞ்சு திரும்பி வந்திருக்கார். அவர் எப்படிப் புது ஆளாவார்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அவள் கணவருக்கு, மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும் இடத்தில் அளவெடுக்கும் வேலை. மாதக்கணக்கில் அங்கேயே கிடந்துவிட்டு வந்தவர் ஆளே மாறியிருந்தார். வெந்நீர் வைக்கச் சொன்னால் அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்கிற மனுஷன், வந்த அன்றே சமையலறைக்குள் புகுந்தார். "உன் கை பல்லு செய்யற கை. அடுப்புல எதுக்குப் பொசுங்கணும்? நீ உக்காரு, நான் போடறேன்" என்றார். அவள் உருகிப்போனாள். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். நாளெல்லாம் மெழுகோடும் பிளாஸ்டரோடும் மல்லுக்கட்டி எழுந்தால், சுடச்சுடத் தட்டு முன்னால் வந்தது. கஞ்சியானாலும் குழம்பானாலும் எல்லாம் பஞ்சு மாதிரிக் குழைவாக இருக்கும். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு புருஷன் கிடைத்திருக்கிறான் என்று தங்கையிடம் போனில் பீற்றிக்கொண்டாள்.

அவர் வேகவைத்துக் கொடுத்த ஈரலையும் துரை தொடவில்லை. மறுநாள் காலை அதைத் துண்டில் சுற்றி அவள் பிடித்துக்கொள்ள, அவர் சிரிஞ்சைக் கடவாயில் வைத்து அழுத்தினார். மசித்த ஈரல் பாதி வழிந்தது, பாதி உள்ளே போனது. பூனை கத்தவில்லை. அவரையும் பார்க்கவில்லை. பிடித்திருந்த அவளையே பார்த்தது.

"உன் நல்லதுக்குத்தான்டா" என்று அவள் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சமையலறையை ஒட்டிய அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, உருகிய மெழுகின் இனிப்பு வாடையும் ஈர பிளாஸ்டரின் சுண்ணாம்பு வாடையும் சூழ, யாரோ ஒரு கிழவருடைய கீழ்த்தாடைக்குப் பல் பொருத்திக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஈரல் கொதிக்கும் சத்தமும், அதற்கு மேல் ஓட்டில் விழும் மழைச் சத்தமும், இரண்டுக்கும் நடுவே அவர் ஏதோ மெல்லும் சத்தமும் கேட்டன. ஈரமாக, அவசரமில்லாமல், ஒரே சீராக அந்த மெல்லல் போய்க்கொண்டே இருந்தது. விழுங்கும் சத்தம் மட்டும் வரவில்லை.

அவள் எழுந்து போனாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரிட்ஜ் மேல் துரை முடி சிலிர்த்து உட்கார்ந்திருந்தது.

"சூடு ஆறுமுன்ன குடு" என்று தட்டை நீட்டினார். தட்டில் கொஞ்சம் மசியல், அதன் ஓரத்தில் தடித்த ஒரு துண்டு. பிய்த்துப் போடலாம் என்று அந்தத் துண்டை எடுத்தவள், அதில் கடித்த தடம் பதிந்திருப்பதைப் பார்த்தாள்.

உப்புப் பார்த்திருப்பார் என்று முதலில் நினைத்தாள். பூனைக்கு வைப்பதில் ஏது உப்பு? துண்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு தன் அறைக்குத் திரும்பினாள். வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். அவளுக்குத் தொழில் புத்தி. கடித்த தடத்தைப் பார்த்தால் அதற்கு அச்சு எடுக்காமல் கை நிற்காது. பிளாஸ்டரைக் குழைத்துத் தடத்தில் ஊற்றினாள். இறுகும்போது பிளாஸ்டர் சூடேறும். அந்த இளஞ்சூடு உள்ளங்கையில் ஏறும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

முன்பு அவருக்கு உடைந்த பல்லுக்கு உறை செய்தபோது எடுத்த அச்சு அலமாரியில் இருந்தது. இரண்டையும் விளக்கடியில் வைத்தாள். அதே வெட்டுப்பற்கள். அதே லேசாகத் திரும்பிய கோரைப் பல். அவர்தான். சந்தேகமே இல்லை.

ஆனால் புது அச்சில், அந்தப் பற்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை இருந்தது.

பிளாஸ்டர் பிசிறாக இருக்கும் என்று நகத்தால் சுரண்டினாள். பிசிறு இல்லை. பற்கள். பொடிப் பற்கள், பால் பல்லைவிடச் சின்னவை, நெருக்கமாக. எல்லாம் உள்பக்கம் வளைந்தவை.

ஆயிரம் வாய் பார்த்தவள் அவள். இப்படி ஒரு வாய் பார்த்ததில்லை.

பூனை வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் அர்த்தம். அது சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்காமல் துண்டில் சுற்றிப் பிடித்துக் கொடுத்தவள் அவள். நம்பினாள். இந்த மனுஷனை நம்பினாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நக்கும் சத்தம் கேட்டது.

தட்டு தரையில் நகரும் சத்தம். உறுமிக்கொண்டே விழுங்கும் சத்தம். இதைக் கேட்க மாட்டோமா என்று எவ்வளவு ஏங்கியிருந்தாள்.

ஓடினாள்.

துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் குந்தியிருந்தார், அதன் முதுகை நீவியபடி. தட்டு காலியானது. தலை நிமிர்ந்தது. அவளைப் பார்த்துச் சாவகாசமாகக் கொட்டாவி விட்டது. வாய் நன்றாகத் திறந்தது. கோரைப் பற்களுக்குப் பின்னால், வெள்ளையாக, பொடிப்பொடியாக.

"பசி வந்துடுச்சு பாரு" என்றார் அவர்.

"என்னங்க பண்ணீங்க அதை?" அவள் காலித் தட்டைக் காலால் தள்ளினாள். "அது வாயில்லா ஜீவன்... நான் உங்களை நம்பித்தானே பிடிச்சுக் குடுத்தேன்..."

"அதுக்கு வீம்பு. காலையில உள்ள போனது, இப்பத்தான் வேலை செஞ்சிருக்கு." அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. "உனக்கு அந்தக் கஷ்டமே இல்ல. முதல் நாளே தட்டை வழிச்சுச் சாப்பிட்டே."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். நாக்கு தானாகப் போனது. மேல் பற்களின் பின்பக்கம். ஈறு.

ஒரு முனை. கூராக.

பக்கத்தில் இன்னொன்று.

அவர் சட்டியிலிருந்து மிச்சமிருந்த ஈரலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார். ஈரமாக. அவசரமில்லாமல். அவளுக்கு ஓடத் தோன்றியது. ஓடாமல் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். துரை வந்து அவள் தொடையை உரசி உட்கார்ந்தது.

பூனையும் அவளும் எச்சில் ஊற, அவர் வாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.